பல்கலைக்கழக அணிகளைப் பற்றி எழுத வருகிறீர்களா? இன்ஷியலில் இருந்து தொடங்குங்கள்

ஒரு கபடி வீராங்கனையின் வீட்டில், டி.வி.க்கு மேலே, நான் எழுதிய செய்தி லேமினேஷன் செய்யப்பட்டுத் தொங்கிக்கொண்டிருந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். அவருடைய பெயருக்கு முன்னால் இருந்த எழுத்தை யாரோ நீலப் பேனாவால் அடித்துவிட்டு, மேலே வேறு எழுத்தை எழுதியிருந்தார்கள். அந்த அணியில் ஒரே பெயரில் இரண்டு பேர்; இன்ஷியல் மட்டும்தான் வேறு. கடைசி ரைடில் இரண்டு புள்ளி எடுத்து ஆட்டத்தை முடித்தவர் இவர். நான் போட்டிருந்ததோ, அன்று முழுவதும் மாற்று வீராங்கனைகளின் பெஞ்சில் உட்கார்ந்திருந்தவரின் இன்ஷியல். திருத்தியது அம்மா. லேமினேஷன் கடைக்கு எடுத்துப்போவதற்கு முன்பே திருத்தியிருக்கிறார். என்னை யாரும் குறை சொல்லவில்லை. காப்பி கொடுத்தார்கள். அதுதான் இன்னும் உறுத்துகிறது.

நம் ஊரில் பல்கலைக்கழக விளையாட்டைப் பார்க்கக் கூட்டம் வருவதில்லை, கேமராவும் வருவதில்லை. பெரும்பாலான ஆட்டங்களுக்கு நீங்கள் எழுதும் பத்து வரிதான் ஒரே பதிவு. நீங்கள் தவறாக எழுதினால் அதைத் திருத்த மறுநாள் இன்னொரு பத்திரிகை வராது. மத்திய அரசு வேலையில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு விண்ணப்பிக்கிறவர்கள், பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான போட்டியில் ஆடியதற்கு ‘ஃபார்ம் 3’ என்ற சான்றிதழை இணைக்க வேண்டும். செய்தித் துண்டு அந்தச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஆனாலும் விளையாட்டு வீரர் யாருடைய ஃபைலையாவது புரட்டிப் பாருங்கள், சான்றிதழ்களுக்குப் பின்னால் பழுத்துப்போன செய்தித் துண்டுகள் கட்டாயம் இருக்கும்.

இதழியல் மாணவராகவோ, கல்லூரி இதழுக்கு எழுதுகிறவராகவோ இந்த வேலைக்கு வருகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணங்கள் தமிழ்நாட்டில் இருந்து, அதிலும் பல கல்லூரிகளைச் சேர்த்து நடத்தும் சென்னைப் பல்கலைக்கழகம் போன்ற அமைப்பில் இருந்து வருகின்றன. தனி வளாகப் பல்கலைக்கழகத்தில் படிக்கிறவர்களுக்கு வேலை கொஞ்சம் எளிது. அணி முழுவதும் ஒரே விடுதியில் இருக்கும்.

1. அணி எப்படி உருவாகிறது என்பதை முதலில் புரிந்துகொள்ளுங்கள்

புதிதாக வருகிறவர்கள் செய்யும் முதல் தவறு, கல்லூரி அணியையும் பல்கலைக்கழக அணியையும் குழப்பிக்கொள்வது. வரிசை இதுதான். கல்லூரிகள் தங்களுக்குள் மோதும் போட்டி முதலில் நடக்கும். அண்ணா பல்கலைக்கழகம் போல கல்லூரிகள் மாநிலமெங்கும் சிதறிக் கிடந்தால், அவற்றை மண்டலங்களாகப் பிரித்து, மண்டலத்தில் வென்றவர்களை மறுபடி மோத விடுவார்கள். அங்கே நன்றாக ஆடியவர்களைத் தேர்வுக் குழு பொறுக்கி எடுத்து, சில நாள்கள் பயிற்சி முகாம் வைத்து, பல்கலைக்கழக அணியை அறிவிக்கும். நேற்றுவரை எதிரெதிராக நின்றவர்கள் இன்று ஒரே ஜெர்சியில் இருப்பார்கள். இந்த மாற்றமே ஒரு நல்ல கட்டுரைக்கான விஷயம். இதை யாரும் எழுதுவதில்லை.

அடுத்த கட்டத்தை நடத்துவது இந்தியப் பல்கலைக்கழகங்களின் சங்கம். 1925-இல் தொடங்கிய அமைப்பு அது. நாட்டை வடக்கு, தெற்கு, கிழக்கு, மேற்கு என நான்கு மண்டலமாகப் பிரித்திருக்கிறது. தமிழ்நாடு, கேரளம், கர்நாடகம், ஆந்திரம், தெலங்கானா, புதுச்சேரி எல்லாம் தென் மண்டலம். பெரும்பாலான குழு விளையாட்டுகளில் ஒவ்வொரு மண்டலத்திலும் முதல் நான்கு இடம் பெறும் அணிகள் அகில இந்தியப் போட்டிக்குப் போகும். அதனால் மண்டல அளவில் அரையிறுதிக்கு முந்தைய ஆட்டம்தான் உயிர் போகிற ஆட்டம். இறுதிப் போட்டியில் தோற்றாலும் பயணம் தொடரும், காலிறுதியில் தோற்றால் ஊருக்கு டிக்கெட் எடுக்க வேண்டியதுதான். இது தெரியாத நிருபர் காலிறுதியை ஒரு வரியில் தள்ளிவிட்டு, இறுதி ஆட்டத்துக்கு அரைப் பக்கம் எழுதுவார். தடகளத்துக்கு மண்டலச் சுற்று கிடையாது, நேரடியாக அகில இந்தியப் போட்டிதான்.

அகில இந்திய அளவில் முன்னணியில் நிற்கிறவர்களுக்கு கேலோ இந்தியா பல்கலைக்கழக விளையாட்டுகள் இருக்கின்றன. முதல் முறை 2020-இல் புவனேஸ்வரத்தில் நடந்தது. அதற்கும் மேலே உலகப் பல்கலைக்கழக விளையாட்டுகள். 2019-இல் இத்தாலியின் நேப்பிள்ஸ் நகரில் 100 மீட்டரில் தங்கம் வாங்கிய டூட்டி சந்த் அப்போது பல்கலைக்கழக மாணவி. உங்கள் வளாகத்து ஓடுபாதையில் காலையில் ஓடுகிற பெண்ணுக்கும் அந்த மேடைக்கும் இடையே எத்தனை படி இருக்கிறது என்று வாசகருக்கு ஒரே வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும்.

2. நாள்காட்டியைக் கையில் வாங்குங்கள்

ஒவ்வொரு கல்வியாண்டும் எந்த விளையாட்டை எந்தப் பல்கலைக்கழகம் எந்தத் தேதியில் நடத்தும் என்ற பட்டியல் வெளியாகும். உங்கள் பல்கலைக்கழக உடற்கல்வித் துறையின் அறிவிப்புப் பலகையில் அது தொங்கும். படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஆண்களுக்கும் பெண்களுக்கும் போட்டி வெவ்வேறு ஊரில் நடக்கலாம் என்பதைக் கவனியுங்கள். பிறகு, தேர்வுக் கால அட்டவணையை எடுத்து இதன் பக்கத்தில் வையுங்கள்.

எங்கெல்லாம் இரண்டும் மோதுகின்றனவோ அங்கெல்லாம் செய்தி இருக்கிறது. நவம்பர், டிசம்பரில் செமஸ்டர் தேர்வு, அதே வாரத்தில் தென் மண்டலப் போட்டி. விளையாடப் போன நாள்களை வருகையாகக் கணக்கிடும் ‘ஓ.டி.’ கடிதத்துக்காக ஒவ்வொரு துறைத் தலைவரின் அறை வாசலிலும் விளையாட்டு உடையோடு நிற்கிற மாணவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஓ.டி. கிடைத்துவிடும், தவறிய தேர்வு கிடைக்காது. அரியர் விழும். முதல் ஆண்டில் அணிக்குத் தேர்வான ஐந்து பேர் மூன்றாம் ஆண்டில் ஏன் மூன்று பேராகிவிட்டார்கள் என்று விசாரித்துப் பாருங்கள். காயத்தைவிட அரியர்தான் அதிகம் பேரை வெளியே அனுப்பியிருக்கிறது என்பது என் அனுபவம்.

3. மைதானத்தில் முகம் தெரியட்டும்

முதல் இரண்டு வாரம் பேட்டி எதுவும் கேட்க வேண்டாம். காலை 6 மணிப் பயிற்சிக்குப் போய் ஓர் ஓரமாக உட்காருங்கள். அவ்வளவுதான்.

பி.டி. சாரிடம், அதாவது உடற்கல்வி இயக்குநரிடம், நீங்களே போய் அறிமுகம் செய்துகொள்ளுங்கள். எந்த இதழுக்கு எழுதுகிறீர்கள், என்ன எழுதப் போகிறீர்கள், எழுதியதை வெளியிடும் முன் காட்ட மாட்டீர்கள் என்பதையும் அந்த முதல் சந்திப்பிலேயே மரியாதையாகச் சொல்லிவிடுங்கள். பின்னால் சொன்னால் சண்டையாகிவிடும். அவர் முகம் சற்று மாறும். பரவாயில்லை, ஒரு மாதத்தில் பழகிவிடுவார்.

அவரைவிட முக்கியமான ஒருவர் இருக்கிறார்: மார்க்கர். மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுகிறவர், வலை கட்டுகிறவர், பந்துகளை எண்ணிப் பூட்டுகிறவர். இருபது வருடமாக அங்கேயே இருப்பார். எந்த மாணவன் எல்லோரும் போன பிறகும் தனியாகப் பந்து போட்டுக்கொண்டிருக்கிறான், எந்தக் கயிறு எப்போது அறுந்தது, எந்தப் பயிற்சியாளர் ஒரு மாதமாக வரவில்லை என்பதெல்லாம் அவருக்குத்தான் தெரியும். தேநீர் வாங்கிக் கொடுங்கள். அவர் சொன்னதை அவர் பெயரில் போட வேண்டாம், வேலைக்கு ஆபத்து. அதை வைத்துக்கொண்டு வேறு இடத்தில் உறுதிசெய்யுங்கள்.

4. இரண்டே விளையாட்டு

எல்லா அணிகளையும் பின்தொடரப் போகிறேன் என்று கிளம்புகிறவர் டிசம்பருக்குள் ஓய்ந்துவிடுவார். ஒரு பருவத்துக்கு இரண்டு அணி போதும். ஒன்று ஆண்கள் அணி என்றால் மற்றது பெண்கள் அணியாக இருக்கட்டும். கிரிக்கெட்டைத் தவிர்த்தால் நல்லது. பல்கலைக்கழகங்களுக்கு இடையிலான கிரிக்கெட்டுக்காக 1935-36-இல் தொடங்கிய ரோஹிண்டன் பாரியா கோப்பையில் ஆடியவர்களைத் தேர்வாளர்கள் தேடி வந்த காலம் உண்டு. இன்று கிரிக்கெட்டைப் பற்றி எழுத ஆயிரம் பேர் இருக்கிறார்கள். பெண்கள் வாலிபால் அணியைப் பற்றி உங்களைத் தவிர ஒருவரும் எழுத மாட்டார்கள்.

5. ஸ்கோர் எழுதப் பழகுங்கள்

அதிக நேரம் செலவிட வேண்டிய படி இதுதான். கூகுளில் தேடினால் இந்த ஆட்டங்களின் விவரம் கிடைக்காது. அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட் ஒன்றுதான் இருக்கும், அதையும் ஆட்டம் முடிந்ததும் யாராவது மடித்துப் பையில் வைத்துக்கொண்டு போய்விடுவார்கள். ஆகவே நீங்களே எழுத வேண்டும்.

கபடியை எடுத்துக்கொள்வோம். களத்தில் 7 பேர். ஆண்கள் ஆட்டத்தில் ஒரு பாதி 20 நிமிடம். ஒரு ரைடுக்கு 30 விநாடி. எதிரணியில் 6 பேராவது களத்தில் இருந்தால்தான், கடந்தால் ஒரு புள்ளி தரும் போனஸ் கோடு உயிரோடு இருக்கும். எதிரணி முழுவதும் வெளியேறினால் லோனா, கூடுதலாக 2 புள்ளி, எல்லோரும் உள்ளே திரும்பி வந்துவிடுவார்கள். 3 பேரோ அதற்குக் குறைவாகவோ நின்று பாடி வந்தவரைப் பிடித்துவிட்டால் அது சூப்பர் டேக்கிள், பிடித்ததற்கு ஒன்று, கூடுதலாக ஒன்று.

இதைத் தெரிந்துகொண்டு நோட்டில் ஒரு வரிக்கு ஒரு ரைடு என்று எழுத வேண்டும். மாதிரிக்கு ஒரு வரி:

இ.பா. 6.10 | 18-21 | நம் 7 ரைடு | எதிர் 3 பேர் | சூ.டே. | 18-23

இரண்டாம் பாதி தொடங்கி 6 நிமிடம் 10 விநாடி. நாம் 3 புள்ளி பின்தங்கி இருக்கிறோம், ஆனால் எதிரணியில் 3 பேர்தான் மிச்சம். அவர்களையும் காலி செய்தால் லோனா, ஆட்டம் தலைகீழாகிவிடும். அந்த நேரத்தில் நம் 7-ஆம் எண் வீரர் பிடிபட்டார். வித்தியாசம் 5 ஆனது, எதிரணியின் ஓர் ஆளும் உள்ளே திரும்பிவிட்டார். முடிவில் 27-31 என்று அறிவிக்கும்போது இது எங்கேயும் தெரியாது. ‘கடுமையாகப் போராடித் தோற்றது’ என்று எழுதுகிறவர்கள் எல்லாம் இந்த ஒரு வரியைத் தவறவிட்டவர்கள். உங்கள் செய்தியின் முதல் வாக்கியம் இந்த வரியில்தான் இருக்கிறது.

ஆட்டம் முடிந்ததும் அதிகாரபூர்வ ஸ்கோர் ஷீட்டைப் படம் எடுத்து, உங்கள் கணக்கோடு ஒப்பிட்டுப் பாருங்கள். மாறுபட்டால் ஸ்கோரரிடம் அங்கேயே கேளுங்கள். சில நேரம் தவறு அவர்களுடையதாக இருக்கும், பெரும்பாலும் உங்களுடையதாக இருக்கும்.

வாலிபாலுக்கு இவ்வளவு பாடு இல்லை. நான்கு செட் 25 புள்ளி, ஐந்தாவது 15, எதிலும் 2 புள்ளி முன்னிலை வேண்டும். ஒவ்வொரு டைம் அவுட்டிலும் ஸ்கோர் என்ன, அதற்கு முன் தொடர்ந்து எத்தனை புள்ளி போனது என்று குறித்துக்கொண்டால் போதும், ஆட்டத்தின் போக்கு கிடைத்துவிடும்.

தடகளத்தில் வேறுவிதமான கவனம் தேவை. ஸ்டாப்வாட்சில் கையால் எடுத்த நேரமா, மின்னணு நேரமா என்று முதலில் கேளுங்கள். கையால் எடுத்தது 10.6 என்றால் 10.6 என்றே எழுதுங்கள். அழகுக்காக 10.60 என்று எழுதினால் அது மின்னணு நேரம் என்று பொருளாகிவிடும், இரண்டும் ஒன்றல்ல. 100, 200 மீட்டர் ஓட்டம், குறுந்தூரத் தடை ஓட்டம், நீளம் தாண்டுதல், மும்முறைத் தாண்டுதல் ஆகியவற்றில் பின்காற்று விநாடிக்கு 2.0 மீட்டருக்கு மேல் போனால் சாதனைக் கணக்கில் சேராது.

ஒலிபெருக்கியில் ‘புதிய சாதனை’ என்று அறிவித்தால் உடனே கேட்க வேண்டியது: எதன் சாதனை? போட்டிச் சாதனையா, பல்கலைக்கழகச் சாதனையா, தேசிய சாதனையா? 2020 ஜனவரியில் கர்நாடகத்தின் மூடபித்ரியில் நடந்த அகில இந்தியப் பல்கலைக்கழகத் தடகளப் போட்டியில் ஜோதி யாராஜி 100 மீட்டர் தடை ஓட்டத்தை 13.03 விநாடியில் முடித்தார். 2002 முதல் நின்றுகொண்டிருந்த தேசிய சாதனையான 13.38-ஐவிட எவ்வளவோ வேகம். ஆனால் அது தேசிய சாதனையாக ஏற்கப்படவில்லை. ஊக்கமருந்துப் பரிசோதனை நடக்கவில்லை, தடகளச் சம்மேளனத்தின் தொழில்நுட்பப் பிரதிநிதியும் அங்கே இல்லை. 2022-இல் கோழிக்கோட்டில் 13.09 ஓடினார், அப்போது காற்று 2.1. மறுபடி கணக்கில் இல்லை. அடுத்த மாதமே சைப்ரஸில் 13.23 ஓடித்தான் சாதனையைத் தன் பெயருக்குக் கொண்டுவந்தார். மூடபித்ரியில் அன்று நீங்கள் நிருபராக இருந்திருந்தால் என்ன எழுதியிருப்பீர்கள்? ‘தேசிய சாதனையைவிட வேகமான நேரம், ஏற்கப்படுமா என்பது முடிவாகவில்லை’ என்பதுதான் சரியான வாக்கியம். சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஏ.எல். முதலியார் தடகளப் போட்டியானாலும் சரி, உங்கள் கல்லூரி விளையாட்டு விழாவானாலும் சரி, இதே கேள்வியைக் கேளுங்கள்.

6. போட்டி நாள்

8 மணி ஆட்டம் என்றால் 10 மணிக்குத் தொடங்கலாம், சிறப்பு விருந்தினர் வரும்வரை. ஆனால் நீங்கள் 7 மணிக்குப் போய்விடுங்கள். அந்த ஒரு மணி நேரத்தில் இரு அணிகளின் பட்டியலையும் மேலாளர்களிடம் வாங்கி, ஜெர்சி எண், முழுப் பெயர், இன்ஷியல், கல்லூரி, பாடப்பிரிவு, ஆண்டு, சொந்த ஊர் என்று எழுதிக்கொள்ளுங்கள். எழுதியதை வீரரிடமே காட்டிச் சரிபாருங்கள். பட்டியலில் இருக்கும் ஆங்கில எழுத்தை நம்பித் தமிழில் எழுதினால் ‘மதி’ ‘மாதி’ ஆகிவிடுவார். ‘ழ’வா ‘ள’வா என்று கேட்பதில் வெட்கம் வேண்டாம்.

ஜெர்சி எண்ணை மட்டும் நம்பாதீர்கள். கிழிந்தது, நனைந்தது என்று இரண்டாம் ஆட்டத்தில் வேறு எண்ணோடு இறங்குவார்கள். தலைமுடி, முழங்கால் பட்டை, ஷூவின் நிறம் என்று ஏதாவது ஓர் அடையாளத்தையும் பக்கத்தில் குறித்து வையுங்கள்.

தொடக்க விழாவைப் பற்றி ஒரு வார்த்தை. துணைவேந்தர், பதிவாளர், சிறப்பு விருந்தினர், வாழ்த்துரை வழங்கியவர், நன்றி கூறியவர் என்று செய்திக் குறிப்பு ஒன்று உங்கள் கையில் திணிக்கப்படும். அதில் விளையாடியவர் பெயர் ஒன்றுகூட இருக்காது. படத்திலும் கோப்பையை விருந்தினர்கள் பிடித்திருப்பார்கள், ஜெயித்தவர்கள் பின்வரிசையில் எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அந்தக் குறிப்பை மரியாதையாக வாங்கி மடித்து வைத்துக்கொள்ளுங்கள். பின்புறம் காலியாக இருந்தால் ஸ்கோர் எழுத உதவும்.

படத்துக்குச் செல்பேசி போதும். வாலிபாலில் கடைக்கோட்டுக்குப் பின்னால் நின்று தடுப்பாட்டத்தை எடுங்கள். உள்ளரங்கில் ஃபிளாஷ் வேண்டாம்.

7. பேச வைப்பது

‘வெற்றியைப் பற்றி என்ன நினைக்கிறீர்கள்?’ என்று கேட்டால் ‘ரொம்ப சந்தோஷம், கோச்சுக்கு நன்றி, பெற்றோருக்கு நன்றி’ என்பதோடு முடிந்துவிடும். தவறு அவர்களுடையது அல்ல, கேள்வியுடையது. ‘மூன்றாவது செட்டில் 20-20 இருந்தபோது சர்வீஸை மெதுவாகப் போட்டீர்களே, ஏன்?’ என்று கேட்டுப் பாருங்கள். அவர் உங்களை முதல்முறையாக நிமிர்ந்து பார்ப்பார். ‘அந்த லிபரோ (பின்வரிசையில் பந்தை எடுப்பதற்கென்றே ஆடுகிறவர்) கொஞ்சம் பின்னால் நின்றிருந்தாள், அதனால் முன்னால் போட்டேன்’ என்று ஆரம்பித்தால் நிறுத்த மாட்டார். நோட்டில் ஸ்கோர் எழுதியவர்களால் மட்டுமே இந்தக் கேள்வியைக் கேட்க முடியும்.

தோற்றவர்களிடம் பத்து நிமிடம் கழித்துப் போங்கள். அழுகிறவரிடம் பேட்டி எடுக்க வேண்டாம், படமும் எடுக்க வேண்டாம். காயத்தைப் பற்றி எழுதும் முன் அந்த வீரரிடம் அனுமதி கேளுங்கள். அடுத்த ஆட்டத்தில் எதிரணி அந்த முழங்காலைக் குறிவைக்கும் என்பது ஒரு காரணம், அவருடைய உடம்பு அவருடைய விஷயம் என்பது இன்னொன்று.

பேச்சுத் தமிழை எழுத்துக்கு மாற்றும்போது மேடைத் தமிழாக்கிவிடாதீர்கள். ‘எங்கள் அணியின் ஒருங்கிணைந்த செயல்பாடே இவ்வெற்றிக்கு வழிவகுத்தது’ என்று எந்த 19 வயதுப் பெண்ணும் சொன்னதில்லை. வினைமுற்றை மட்டும் சரிசெய்து, அவருடைய சொற்களை அவருக்கே விட்டுவிடுங்கள்.

8. எழுதுவது

அன்றிரவே எழுதிவிடுங்கள். 200 சொல் போதும். முடிவும் ஸ்கோரும் முதல் இரண்டு வாக்கியத்துக்குள் வந்துவிட வேண்டும், பிறகு திருப்பம், பிறகு இரண்டு மூன்று பேரின் ஆட்டம், பிறகு அடுத்த போட்டி எப்போது, யாரோடு. வாலிபால் ஸ்கோரை 25-19, 22-25, 25-20, 25-17 என்று செட் வாரியாக, வென்ற அணியின் புள்ளியை முன்னால் வைத்து எழுதுங்கள். ‘துவம்சம்’, ‘பந்தாடியது’, ‘மண்ணைக் கவ்வியது’ ஆகிய மூன்றையும் ஒரு வருடத்துக்குப் பெட்டியில் பூட்டி வையுங்கள். எதிரணியில் சிறப்பாக ஆடியவர் பெயரும் வர வேண்டும். அவருக்கும் வீட்டில் சுவர் இருக்கிறது.

கல்லூரி இதழ் மாதம் ஒருமுறை வந்தால் காத்திருக்க வேண்டாம். நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களுக்குச் சின்ன முடிவுச் செய்திகள் தேவைப்படுகின்றன. மாலையிலேயே, பெயர்கள் சரிபார்த்து, படத்தோடு அனுப்பினால் போடுவார்கள். விகடன் மாணவப் பத்திரிகையாளர் திட்டம் போன்றவற்றுக்கு விண்ணப்பிக்கும்போது இந்தச் செய்திகளே உங்கள் கையில் இருக்கும் சரக்கு.

9. கூடப் போக முடியாதபோது

தென் மண்டலப் போட்டி கேரளத்திலோ கர்நாடகத்திலோ நடக்கும். அணியோடு போக உங்களுக்குப் பணமும் இருக்காது, ஓ.டி.யும் கிடைக்காது. கிளம்பும் முன்பே மேலாளரிடமும் இரண்டு வீரர்களிடமும் எண் வாங்கி வையுங்கள். ஆட்டம் நடக்கும்போது அழைத்துத் தொல்லை செய்யாமல், இரவு சாப்பாடு முடிந்த பிறகு பேசுங்கள். ‘ஸ்கோர் ஷீட்டை ஒரு படம் எடுத்து அனுப்ப முடியுமா?’ என்பது முதல் வேண்டுகோள். அடுத்து, எங்கே தங்கியிருக்கிறார்கள், எப்போது சாப்பிட்டார்கள், ரயிலில் இடம் கிடைத்ததா என்று கேளுங்கள். முன்பதிவு இல்லாமல் கழிப்பறை வாசலில் உட்கார்ந்து இரவு முழுவதும் பயணம் செய்துவிட்டு, காலையில் நேராகக் களத்தில் இறங்கிய அணி நேர் செட்களில் தோற்றால், ஆட்டத்தின் காரணம் ஆட்டத்துக்கு வெளியே இருக்கிறது. நேரில் பார்க்காததைப் பார்த்ததுபோல வர்ணிக்காதீர்கள். ‘மேலாளர் தொலைபேசியில் தெரிவித்தார்’ என்று எழுதுவதில் குறைவு ஒன்றும் இல்லை.

நேரில் போக வாய்த்து, அணியின் பஸ்ஸிலேயே இடம் கொடுத்தால் போகலாம், அதை ஆசிரியரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். டிராக் சூட் கொடுத்தால் மட்டும் வாங்கக் கூடாது. நான் ஒருமுறை வாங்கி அணிந்துகொண்டேன். அதற்குப் பிறகு எதிரணிப் பயிற்சியாளர் என்னிடம் ஒரு சொல்கூடப் பேசவில்லை, என்னை மாற்று வீரர் என்று நினைத்துவிட்டார்.

10. கசப்பான செய்திகள்

ஒரு பருவம் முழுவதும் கூட இருந்தால் இவை தானாக வந்து சேரும். தினப்படி குறைத்துக் கொடுக்கப்பட்டது, தேர்வில் ஒரே கல்லூரிக்கு எட்டு இடம் போனது, படிக்காதவர் படிக்கிறவர் பெயரில் ஆடினார் என்பது போல. பல்கலைக்கழகப் போட்டிக்கு வயது 17 முதல் 25 வரை, முழுநேர மாணவராக இருக்க வேண்டும் என்ற விதிகள் எழுத்தில் இருக்கின்றன. அவற்றைக் கையில் வைத்துக்கொண்டு விசாரியுங்கள். உடை மாற்றும் அறையில் கேட்ட பேச்சு ஒரு தொடக்கம்தான், காகிதம் கிடைக்கும்வரை எழுத வேண்டாம்.

அரசுப் பல்கலைக்கழகம் என்றால் 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம் உங்களுக்கும் உண்டு. மாணவர் என்பதால் கேட்க முடியாது என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கட்டணம் 10 ரூபாய், 30 நாளில் பதில் தர வேண்டும். ‘விளையாட்டு நிதியில் முறைகேடு நடந்ததா?’ என்று கேட்டால் பதில் வராது. ‘இன்ன கல்வியாண்டில் மாணவர்களிடம் வசூலித்த விளையாட்டுக் கட்டணம் எவ்வளவு, தென் மண்டலப் போட்டிகளுக்கு அணி வாரியாகச் செலவிட்டது எவ்வளவு?’ என்று கேளுங்கள். எண்ணைக் கேட்டால் எண் வரும். குற்றச்சாட்டுக்கு ஆளானவரிடம் விளக்கம் கேட்டு, அவர் சொன்னதை முழுமையாகப் போடுங்கள். பதில் சொல்ல ஒரு நாளாவது அவகாசம் கொடுங்கள்.

பாலியல் தொல்லை பற்றிய புகார் உங்கள் காதுக்கு வந்தால், தனியாக இறங்காதீர்கள். ஒவ்வொரு கல்வி நிறுவனத்திலும் உள் புகார் குழு இருக்க வேண்டும், அதன் தொடர்பு விவரத்தை அந்த மாணவிக்குக் கொடுங்கள். 2013-ஆம் ஆண்டுச் சட்டப்படி புகார் கொடுத்தவரின் பெயரையோ அடையாளத்தையோ வெளியிடக் கூடாது. பெயரைப் போடாமல் ‘அணியின் கோல்கீப்பர்’ என்று எழுதினாலும் அடையாளம் காட்டியதாகத்தான் ஆகும். உங்கள் ஆசிரியரோடு உட்கார்ந்து பேசாமல் ஒரு வரியும் வெளியே போகக் கூடாது.

இப்படி எழுதிய மறுநாள் மைதானத்துக்குப் போவது கடினமாக இருக்கும். போங்கள். வழக்கமான இடத்தில் உட்காருங்கள். முகத்தைத் திருப்பிக்கொள்கிறவர்கள் இருப்பார்கள், அவர்களில் உங்கள் அறைத் தோழரும் இருக்கலாம்.

11. பருவம் முடிந்ததும்

மார்ச் மாத வாக்கில் எல்லாம் அடங்கிவிடும். ஒரு நாள் ஒதுக்கி, நோட்டில் இருப்பதை எல்லாம் கணினியில் ஒரே அட்டவணையாக ஏற்றுங்கள்: தேதி, இடம், எதிரணி, ஸ்கோர், ஆடியவர்களின் பெயர்ப் பட்டியல். பழைய கோப்புகளைக் கேட்டு உடற்கல்வித் துறைக்குப் போனால் ‘இடம் மாறியபோது போய்விட்டது’ என்ற பதிலைத்தான் நான் பலமுறை கேட்டிருக்கிறேன். ஆண்டுதோறும் பல்கலைக்கழகங்களுக்கு வழங்கப்படும் மௌலானா அபுல் கலாம் ஆசாத் கோப்பை 1956-57 முதல் இருக்கிறது. அதில் உங்கள் பல்கலைக்கழகம் எங்கே நிற்கிறது, ஏன் நிற்கிறது என்று எழுத, ஐந்து வருட அட்டவணை கையில் இருந்தால்தான் முடியும். முதல் வருடத்தை நீங்கள் போட வேண்டும்.

அட்டவணையை அச்செடுத்து, ஒரு பிரதியை அணித் தலைவரிடம் கொடுத்துப் பெயர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். நான் கொடுத்தபோது, அதே பெயர்கொண்ட இருவரும் சேர்ந்து உட்கார்ந்து விரலை வைத்து வரி வரியாகப் பார்த்தார்கள். மூன்று இடத்தில் இன்ஷியல் மாறியிருந்தது.